கியர் கேபிளில் ஒரு முடிச்சு

பழவேற்காட்டு ஏரியில் படகு விசிறியில் சிக்கிய வலையை எடுக்க இறங்கிய அமுலுவின் கொழுந்தன், விசிறி திடீரென்று சுற்றியதில் அடிபட்டுச் செத்துப்போனான். இஞ்சினைப் பிடித்திருந்தவன் அவள் தம்பி. "உன் தம்பிதான் நியூட்ரல்ல வைக்கல" என்று அவளிடம் புருஷன் தேசப்பன் ஓயாமல் சொன்னான். இன்று சாயங்காலம் ஊர்ப் பஞ்சாயத்து, ஏரியில் வலைபோடும் உரிமையை அவள் தம்பியிடமிருந்து பறிக்கப்போகிறது. காலையிலேயே படகைப் பார்த்துவிட்டு வந்தவள், காலண்டர் தாளைக் கிழித்துப் புருஷனுக்கு எழுதினாள்:

"மாமா, சோறும் கத்திரிக்கா கொழம்பும் மூடி வச்சுக்கீறேன். காரியம் முடியலன்னு மீன் ஆக்கல. சாவி மீட்டர் பொட்டி மேல கீது. நான் தம்பி ஊட்டுக்குப் போறேன்.

இஞ்சின் மூடியத் தெறந்து பாத்தேன். கைப்பிடிய நியூட்ரலுக்குத் தள்ளனா உள்ள கியர் நவுரல. கியரக் கையால தள்ளனா நவுருது. அப்போ கோளாறு கியர்ல இல்ல, கேபிள்ல. அது நுனில மாட்டற இரும்புப் பின்னு இல்ல, நைலான் நூலால கட்டிக்கீது. நூலு தொய்ஞ்சி கெடக்குது. தம்பி நியூட்ரல்லதான் வச்சிக்கீறான்.

அந்த முடிச்சு யார்துன்னு எனக்குத் தெரியும். கல்யாணம் ஆனதுலேர்ந்து நீ முடிச்சு போட்ட வலைய நான்தான பிரிச்சுக் காயப் போடறேன்?

நான் அவுக்கல. நீயும் அவுக்காத. பஞ்சாயத்துல நீயே சொல்லு. இல்லன்னா நான் சொல்லுவேன்."

தாளின் அடியில் இடமில்லாமல் நெருக்கி எழுதினாள்: "துன்னுட்டு வா. அத்தினி பேர் எதுருல நிக்கத் தெம்பு வோணும்."