தாள் கணக்கில் ஒரு பாகம்

15-2-1979
அமெரிக்க எழுத்தாளர் ஆரின் டாஸ்கரின் நாவல்களை வெயிலில் வைத்துத் தூசு தட்டினேன். அமெரிக்காவில் ரயில் ஏறுகிறவர்கள் எல்லாரும் கையில் வைத்திருந்த புத்தகங்களாம். சேலத்துப் பழைய கடைகளில் தேடியும், கப்பல் தபாலில் வரவழைத்தும் இருபது வருஷமாகச் சேர்த்தவை. அவற்றைவிடப் பெரியவை அவர் எனக்கு எழுதிய கடிதங்கள். பரமத்தியில் ஒரு வாத்தியாரை மதித்து, சாகும்வரை பதில் போட்டார்.

திங்கட்கிழமை எனக்கும் தம்பி தங்கசாமிக்கும் பாகம் பிரிக்கிறார்கள்.

19-2-1979
காடு, கிணறு, மாடு எல்லாம் முடிந்து புத்தகப் பெட்டிக்கு வந்தார்கள். அது என்னுடையது என்றேன்.

"கூட்டா இருந்தப்ப வாங்குனது பொதுத்தானுங்க மாமா" என்றாள் தம்பி மனைவி வசந்தாமணி.

வகுப்பில் பின்னம் நடத்தும்போது சொல்வேன்: தேங்காயைப் பாதியாக்கலாம், கறக்கிற மாட்டைப் பாதியாக்க முடியாது. அதையே பங்காளிகளிடமும் சொன்னேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். இங்கிலீஷ் தெரியாத தம்பிக்கு அது எதற்கு என்றும் கேட்டுவிட்டேன். தங்கசாமி எழுந்துவிட்டான்.

"படிக்கத் தெரியாதவனுக்குப் பங்கு இல்லீங்களா அண்ணா?"

பெரியப்பா காளியண்ணன் தீர்த்துவைத்தார். "காயிதமோ கடலக்காயோ, பங்குன்னா பங்குதான் சாமி. தராசக் கொண்டாங்கடா."

புத்தகங்களை நிறுத்தார்கள். கடிதங்களுக்குத் தராசு முள் அசையவில்லை. அதனால் தாள் தாளாக, சீட்டுப் போடுவதுபோல ஆளுக்கொன்று. முதல் தாள் எனக்கு, இரண்டாவது அவனுக்கு. முழுக் கடிதமாகவாவது பிரியுங்கள் என்றேன்.

"ஒண்ணு பெருசு, ஒண்ணு சிறுசு. அப்பறம் ஒருத்தனுக்குக் கொறையாகும்."

பெரியப்பா மிக நேர்மையான மனிதர்.

20-2-1979
சாப்பிடவில்லை.

6-5-1979
கிணற்றில் என் முறைத் தண்ணீரை நீயே பாய்ச்சிக்கொள், உன் பங்குப் பெட்டியை மட்டும் கொடு என்று தங்கசாமியிடம் கேட்டேன்.

"தண்ணிக்கு ஆசப்பட்டுத்தான் காயிதத்தப் புடிச்சு வெச்சிருக்கேன்னு நெனச்சீங்களா? எம்பட பங்கு எம்பட ஊட்டுல பத்தரமா இருக்குதுங்க."

சாவியை அரைஞாண் கயிற்றில் கட்டியிருக்கிறான்.

3-8-1979
வீட்டின் நடுவே சுவர் எழுப்பியாயிற்று. இரண்டாம் தாள்கள் எல்லாம் அந்தப் புறம்.

18-11-1979
மழை விட்டதும் வசந்தாமணி ஓடிவந்தாள். "மாமா, செத்த வந்து பாருங்க."

பெட்டி திறந்து கிடந்தது. உள்ளே மண். தரையிலிருந்து கரையான் ஏறியிருக்கிறது. ஓர் அட்டையைத் தூக்கினேன். நடுவில் பக்கங்களே இல்லை. கடிதங்கள் — கையில் எடுக்க ஏதுமில்லை.

தங்கசாமி தலை நிமிரவில்லை. பாதி போனால் பாதி மிச்சம் என்கிறது கணக்கு. எங்கே மிச்சம்? எல்லாம் போச்சு... எல்லாமே போச்சு.

22-11-1979
சுவர் எழுந்த பிறகு முதல் முறையாகத் தங்கசாமி இந்தப் பக்கம் வந்தான். வாசற்படியிலேயே நின்றான்.

"அண்ணா... அதுல என்னதானுங்க எழுதியிருந்தாரு?"

இத்தனை வருஷத்தில் இந்த வீட்டில் யாரும் கேட்டதில்லை.

என் பங்கிலிருந்து முதல் கடிதத்தின் முதல் தாளை எடுத்துத் தமிழில் சொல்லிக்கொண்டே போனேன். டாஸ்கர் சிறுவனாக இருந்தபோது ஊரில் மழை பொய்த்தது. அவருடைய அப்பா தனியாளாகக் கிணறு தோண்டினார். அதைச் சொல்லும்போதே தங்கசாமி உள்ளே வந்து காலை மடக்கி உட்கார்ந்துவிட்டான்.

"பாறை விழுந்துச்சுங்களா?"

விழுந்தது. நாற்பதடியில், மேலே தோண்ட விடாமல் குறுக்கே பாறை. அப்பா கடப்பாரையைக் கீழே வைத்துவிட்டு மேலே நின்ற மகனைப் பார்த்து —

தாள் முடிந்தது.

எத்தனை தடவை படித்த கடிதம்! கண்ணை மூடிப் பார்த்தேன். இரண்டாம் தாளின் நீல மை தெரிகிறது, மடிப்பு தெரிகிறது. ஒரு வார்த்தை வரவில்லை.

"சொல்லுங்கண்ணா. அப்பறம்?"