இதர செலவு

தம்பி,

இன்று காலை ஜெலுத்தோங் பாசாரில் அன்னாசிப்பழக் கடையைத் தாண்டும்போது என் கால் நின்றுவிட்டது. நேற்று விற்காத பழங்களை ஒரு கூடையில் ஒதுக்கி வைத்திருந்தார்கள். கனிந்து முற்றி, தோலுக்குள்ளேயே புளிக்கத் தொடங்கியிருந்த வாடை. கடைக்காரச் சீனர் என் முகத்தைப் பார்த்துவிட்டு மலாயில் விலையைக் குறைத்துச் சொன்னார். ஒன்றும் வாங்காமல் வந்துவிட்டேன். கடைசி வாரத்தில் உன் மூச்சில் அதே வாடை இருந்தது. தெரிந்தும் நான் கேட்கவில்லை.

நீ பினாங்குக்கு வந்து இறங்கியபோது எனக்கு இந்த ஊரில் ஒன்பது வருஷம் முடிந்திருந்தது. பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை ஒன்றில் எனக்கு உற்பத்தித் திட்டமிடும் வேலை. உனக்கு மூன்று கட்டடம் தள்ளி, ஒப்பந்தத்தில் மென்பொருள் சோதிக்கும் வேலை. ஒன்பதாவது மாடியில் நான் வாடகைக்கு இருந்த வீட்டின் இரண்டாவது அறையை நீ எடுத்துக்கொண்டாய். முதல் மாதம் ராஜா மாதிரி இருந்தாய். மூன்று வேளையும் கடைச் சாப்பாடு, வேலைக்குப் போக வர வாடகைக் கார். இருபதாம் தேதி என் அறை வாசலில் வந்து நின்றாய்.

"அண்ணே, நாலாயிரத்து ஐந்நூறு வெள்ளி சம்பளம்னு ஊர்ல எல்லார்கிட்டயும் சொல்லிட்டு வந்தேன். கையில நாப்பது வெள்ளிதான் இருக்கு. எங்க போச்சுன்னே தெரியல."

புதுக்கோட்டைப் பக்கம் உன் மனைவி வீடு கட்டிக்கொண்டிருந்தாள். சுவர் எழும்பி, மேல்தளம் போடப் பணமில்லாமல் கம்பிகள் வெயிலில் துருப்பிடித்துக்கொண்டிருந்தன. அந்தப் படத்தைத்தான் நீ கைப்பேசியின் முகப்பில் வைத்திருந்தாய்.

நான் சிரித்துக்கொண்டே மடிக்கணினியைத் திறந்தேன். வெளியூரிலிருந்து வந்தவர்களுக்குச் செலவுத் திட்டம் போட்டுக் கொடுப்பதில் எனக்கு அப்போது ஒரு பெருமை இருந்தது. வாடகை, மின்சாரம், அரிசி காய்கறி, பஸ், போன், ஊருக்கு என்று வரிசையாக அடித்தேன். கடைசி வரி 'இதர'. அதில் நீயே இருநூற்று நாற்பது என்று தட்டினாய்.

"இது என்ன?"

"சில்லறைச் செலவுதாண்ணே."

"இருநூத்து நாப்பது சில்லறையா? ஓட்டை எல்லாம் இந்த வரியிலதான் இருக்கும். இதை முதல்ல அடை."

நீ திரையையே பார்த்துக்கொண்டிருந்தாய். ஏதோ சொல்ல வாயெடுத்த மாதிரி இருந்தது. பிறகு, "குறைச்சிடறேண்ணே" என்றாய். நான் அடுத்த வேலைக்குப் போய்விட்டேன்.

நீ சொன்னதைச் செய்கிறவன். விடியலில் எழுந்து சமைத்தாய், மதியத்துக்கும் கட்டிக்கொண்டாய், பஸ் ஏறினாய். பிறகு பஸ்ஸிலும் இரண்டு நிறுத்தம் முன்னாலேயே இறங்கி நடந்தாய். மாதக் கடைசியில் நாம் மடிக்கணினியில் அந்தக் கணக்கைத் திறந்து பார்ப்போம். 'இதர' நூற்றைம்பது ஆனது. அடுத்த மாதம் அறுபது. அதற்கடுத்த மாதம் அந்தக் கட்டத்தில் எதுவுமே இல்லை.

"பாத்தியா? மனசு வெச்சா முடியும்" என்றேன். உன் முதுகில் தட்டியும் கொடுத்தேன். தட்டியபோது சட்டைக்குள் எலும்பு கையில் பட்டது. அலைச்சலில் மெலிந்திருக்கிறான் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த மாதங்களில் நம் வீட்டில் தண்ணீர் தீர்ந்துகொண்டே இருந்தது. காலையில் நிரப்பி வைத்த இரண்டு பெரிய போத்தல்களும் நான் குளித்துவிட்டு வருவதற்குள் காலியாக இருக்கும். "வெக்கைண்ணே, இந்த ஊரு" என்பாய். பெல்ட்டில் ஆணியால் நீயே புதிதாகத் துளை போட்டாய். முதலில் ஒன்று, பிறகு இன்னொன்று. டிவி பார்க்கும்போது எழுத்து மங்கலாக இருக்கிறது என்று சோபாவை முன்னால் இழுத்துப் போட்டாய். ஒவ்வொன்றுக்கும் உன்னிடம் ஒரு காரணம் இருந்தது. ஒவ்வொன்றும் எனக்குப் போதுமானதாகவும் இருந்தது.

பக்கத்து வீட்டில் இருந்த நம் வீட்டுக்கார அக்காவுக்குத்தான் போதவில்லை. குழாய் பழுது பார்க்க ஆளைக் கூட்டிவந்தவர், குளியலறையில் சாரி சாரியாகப் போன எறும்பைப் பார்த்துவிட்டு என்னைத் தனியாக அழைத்தார்.

"தம்பி, ஒங்க கூட்டாளிக்கு இனிப்பு நீர் இருக்கா?"

சர்க்கரை நோயை இங்கே அப்படித்தான் சொல்வார்கள். "சின்ன வயசுக்கா. அதெல்லாம் இருக்காது" என்றேன்.

"வயசுல என்னா இருக்கு? எங்க வீட்டுக்காரருக்கும் இப்படித்தான் எறும்பு வந்துச்சு. கிளினிக் கூட்டிட்டுப் போங்க லா, வெளையாட்டா இருக்காதீங்க."

சாயங்காலம் உன்னிடம் சொன்னேன். நீ சத்தம் போட்டுச் சிரித்தாய். "எறும்புக்குக் கூட நம்ம வீட்டுலதான் வேலை கிடைக்குதாண்ணே?" சிரித்து முடித்ததும் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாய். உன் மூச்சில் அந்தப் பழ வாடையை நான் முகர்ந்தது அப்போதுதான். அப்போதும் என் வாயில் வந்தது என்ன தெரியுமா?

"கிளினிக்னா எப்படியும் அறுபது எழுபது வெள்ளி ஆகும். மாசக் கடைசி. ஒண்ணாம் தேதி போயிடலாம்."

"சரிண்ணே" என்றாய், ஏதோ தப்பித்தவன் போல.

ஒன்றாம் தேதிக்கு இன்னும் நான்கு நாள் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை வயிற்றை வலிக்கிறது என்று படுத்திருந்தாய். இஞ்சி தட்டிப் போட்டுத் தேநீர் கொடுத்தேன். இரண்டு வாய் குடித்து வாந்தி எடுத்தாய். "சூடு பிடிச்சிருக்கும், நீங்க பாசாருக்குப் போயிட்டு வாங்கண்ணே, நான் தூங்குறேன்" என்றாய். நானும் போனேன். கடை கட்டும் நேரத்தில் போனால் காய்கறி பாதி விலைக்குக் கிடைக்கும் என்பதால், மற்ற சாமான்களை வாங்கி முடித்த பிறகும் அங்கேயே சுற்றிக்கொண்டிருந்தேன். திரும்பி வந்தபோது ஓடி வந்தவனைப் போல நீ மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாய், படுத்தபடியே. பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். கண் திறந்திருந்தது, பார்வை என்மேல் நிற்கவில்லை.

அக்காவின் காரில்தான் கொண்டுபோனோம். அவசரப் பிரிவில் ஒரு தமிழ் டாக்டர், உன் வயதுதான் இருக்கும் அந்தப் பெண்ணுக்கு, வெளியே வந்து கேட்டார்.

"இன்சுலின் எப்ப நிறுத்துனாரு?"

"என்ன இன்சுலின்?"

அவர் என்னை ஒரு நொடி பார்த்தார். "நீங்க ஒரே வீட்டுலதான இருக்கீங்க?"

நீ செவ்வாய்க்கிழமை போய்விட்டாய். கண் திறக்கவே இல்லை.

உன் சாமான்களை எடுத்துவைத்தபோது குளிர்பெட்டியில் உன் பெயர் எழுதிய பிளாஸ்டிக் டப்பாவைத் திறந்தேன். ஊர் ஊறுகாய் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். உள்ளே இன்சுலின் ஊசிப் பேனாக்கள், எல்லாம் காலி. அடியில் மருந்துக்கடை ரசீதுகள் ஒரு ரப்பர் வளையத்தில் கட்டியிருந்தன. முதல் மாதத்து ரசீது இருநூற்று முப்பத்தெட்டு வெள்ளி. நீ அதை இருநூற்று நாற்பதாக்கித் தட்டியிருக்கிறாய். பன்னிரண்டு வயதிலிருந்து உனக்கு அந்த ஊசிதான் உயிர் என்பதையும், வேலைக்குச் சேரும்போது நோய் எதுவும் இல்லை என்று எழுதிக் கொடுத்ததையும் ஊரிலிருந்து உன் கூடப்பிறந்த அண்ணன் போனில் சொன்னார். அதனால்தான் கம்பெனிக் காப்பீட்டின் பக்கமே நீ போகவில்லை. என்னிடமும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அந்த வரிக்கு 'மருந்து' என்று பெயர் வைத்திருப்பேன். என் கையும் அதன் மேல் போயிருக்காது. இதை எனக்கு நானே பல முறை சொல்லிப் பார்த்துவிட்டேன். ஒரு தடவை கூட நிம்மதி வரவில்லை. ஏனென்றால் நான் "என்ன" என்று கேட்டேன், நீ உண்மையைச் சொல்ல வாயெடுப்பதற்குள் "அடை" என்று சொல்லிவிட்டேன்.

அதற்குப் பிறகு நான் யாருக்கும் செலவுத் திட்டம் போட்டுக் கொடுக்கவில்லை. போன மாதம் திருச்சியிலிருந்து வந்த ஒருவர், "எவ்வளவுல சமாளிக்கலாம் சார்?" என்று கேட்டார். "முதல்ல உங்க உடம்புக்கு என்ன வேணும்னு சொல்லுங்க" என்றேன். ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு நகர்ந்துவிட்டார்.

உன் மனைவி நேற்று பேசினாள். வருஷம் திரும்பிவிட்டது, வீடு முடிந்துவிட்டது, வளர்பிறையில் பால் காய்ச்சப் போகிறாளாம். நான் கட்டாயம் வர வேண்டுமாம். பிறகு, கேட்கலாமா வேண்டாமா என்று இருந்தவள் கேட்டாள்.

"அண்ணே, மருந்தெல்லாம் கம்பெனியே குடுக்குதுன்னு சொன்னாரு. நெசந்தானே?"

"ஆமாம்மா."

"கடைசி மூணு மாசம் கூடக் கூட அனுப்புனாரு. சம்பளம் கூட்டிட்டாங்கன்னாரு. அந்தக் காசுலதான் தளம் போட்டோம். கூட்டினாங்கதானேண்ணே?"

"கூட்டினாங்கம்மா."

உன் மகள் பின்னால் எதற்கோ சிணுங்குவது கேட்டது. "சரிண்ணே, வாங்க" என்று வைத்துவிட்டாள். அவளுக்குத் தெரிந்துவிட்டதா, தெரியாமலே இருக்க முடிவு செய்துவிட்டாளா என்று எனக்கு விளங்கவில்லை.

விமான டிக்கெட் எடுத்துவிட்டேன். அந்தத் தளத்தின் கீழே எனக்கு இலை போடுவாள். "நல்லா சாப்பிடுங்கண்ணே" என்பாள். நான் நிமிர்ந்து மேலே பார்க்காமல் சாப்பிட்டு முடிக்க வேண்டும்.