அம்மை என்றால் நோயில்லை

எனக்க ஷைனிப்பிள்ளே,

நீ போய் ஒரு வருஷம் ஆகிறது. இந்தக் கடிதத்தை ஊரே படிக்கப் போகிறது, படிக்கட்டும். நீ இருந்தால், "ஏட்டி பகவதி, வீட்டுக் காரியத்த எதுக்குட்டி ரோட்டுல போடுக?" என்று என் தொடையில் கிள்ளியிருப்பாய். ரோட்டில் போட்டது நான் இல்லை. உன் அண்ணன் ராபின், நம் பிள்ளையைக் கேட்டுக் கேஸ் போட்ட அன்றே நம் வீடு ரோட்டுக்கு வந்துவிட்டது.

முதலில் நம் மகளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். சாரல் யு.கே.ஜி. போகிறாள். சாயந்திரம் என் டிரைவிங் ஸ்கூல் மைதானத்தின் ஓரத்தில் நின்றுகொண்டு, வண்டி படிக்க வருகிறவர்களை என்னைவிட மோசமாக விரட்டுகிறாள். "கிளச்ச மிதியும் மாமா, வண்டி சாவப் போவுது!" போன வாரம் ஒரு பெரியவர் வியர்த்துப்போய் இறங்கி, "இது ஆருக்க பிள்ளை?" என்று கேட்டார். "எனக்க பிள்ளை" என்றேன். இந்த இரண்டு வார்த்தைக்குத்தான் ஷைனி இத்தனை பாடு.

பிள்ளை பெறும் சிகிச்சைக்குப் போனபோது திருவனந்தபுரத்து டாக்டர் சொன்னது உனக்கு ஞாபகம் இருக்கும். "கல்யாணம் ஆன ஆணும் பெண்ணும் தம்பதியா வரலாம். இல்லேன்னா ஒரு பொம்பள தனியா வரலாம். ரெண்டு பொம்பளையாச் சேந்து வர சட்டத்துல எடமில்ல." கல்யாணம் செய்துகொள்ள நமக்கு வழியில்லை. செய்யாததால் ஜோடி என்று எழுதவும் வழியில்லை. உன் கைப்பை என் தோளில் தொங்க, நீ உள்ளே போய்த் தனிப் பெண் என்று கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தாய். களியக்காவிளை தாண்டும்வரை நான் உன் கைப்பையைத் திருப்பித் தரவில்லை. மார்த்தாண்டம் பாலத்தில் வைத்து நீதான் சொன்னாய், "சவத்த விடுட்டி. பேப்பர்ல நான் தனி. வீட்டுல நாம மூணு பேரு ஆவப் போறோம்."

ஊருக்கெல்லாம் ஊசி போடுகிற நர்ஸ் நீ. ஆனால் கரு தரிப்பதற்கான ஊசியை உனக்கு நீயே போட்டுக்கொள்ளப் பயந்தாய். உன் வயிற்றில் போட்டதெல்லாம் நான்தான். "கியர் மாத்துகது மாதி குத்தாதட்டி!" என்று நீ கத்துவாய், நான் அழுவேன், பிறகு இரண்டு பேரும் சிரிப்போம். அந்தக் கையை எந்தச் சட்டம் எங்கே எழுதி வைத்திருக்கிறது?

திற்பரப்பில் அருவித் தண்ணீர் முகத்தில் தெறித்தபோது வயிற்றைத் தடவிக்கொண்டு நீ வைத்த பெயர் சாரல். உன் சபைக்காரர்களுக்கும் பிடிபடவில்லை, எங்கள் வீட்டுச் சாமிகளுக்கும் பிடிபடவில்லை. கூப்பிடுகிற பெயரையும் அன்றே பங்கு வைத்தோம். உங்கள் வீட்டு வழக்கப்படி நீ அம்மா. எங்கள் பறக்கைப் பக்கத்து வழக்கப்படி நான் அம்மை. ஒரே ஊரின் இரண்டு சொல்லை ஆளுக்கொன்றாக எடுத்துக்கொண்டோம், சண்டையே வரவில்லை.

பிறகு, சாரலுக்கு நாலு வயதில், கல் ஏற்றி வந்த அந்த டாரஸ் லாரி. அதைப் பற்றி நான் எழுதமாட்டேன். ஆஸ்பத்திரியில் கேட்டதை மட்டும் எழுதுகிறேன். "நீங்க பேஷண்டுக்கு என்ன வேணும்?" மறுபடியும் கேட்டார்கள். "எனக்கு அவ வேணும்" என்று கத்திவிட்டேன். ரத்த சொந்தம் யாராவது வரட்டும் என்று சொல்லிக் கதவைச் சாத்தினார்கள். ராபின் அண்ணன் சவுதியிலிருந்து வந்து இறங்கும்வரை, சாரலை இடுப்பில் வைத்துக்கொண்டு அந்தக் கதவுக்கு வெளியேதான் நின்றேன்.

ஜங்ஷனில் உன் படம் போட்டுக் கண்ணீர் அஞ்சலி ஃபிளெக்ஸ் வைத்தான். அடியில் அண்ணன், அண்ணி, சித்தப்பா, அத்தை என்று ஒரு பட்டாளம். கடைசியில் ஒரு வரி, "மற்றும் நண்பர்கள்". அந்த மற்றும்தான் நான்.

ராபின் கெட்டவன் இல்லை. நீயும் அப்படித்தான் சொல்வாய். தங்கச்சி ரத்தம் வேறு வீட்டில் வளர்வதா என்று அவனுக்குத் தூக்கம் வரவில்லை. கேஸ் போட்ட பிறகு ஒருநாள் சமாதானம் பேச வீட்டுக்கே வந்தான்.

"நீ ஞாயித்துக்கிழம வந்து பாத்துக்கோ பகவதி. நான் வேண்டாம்னு சொல்லேல்ல. ஆனா பிள்ள ஒன்ன ஆன்ட்டின்னு கூப்பிடட்டும். நாளைக்கு அவளுக்கும் நல்லது, கேட்டியா?"

"அண்ணே, காப்பி ஆறுது. குடிச்சிட்டுப் போங்க" என்றேன். அதற்கு மேல் பேசியிருந்தால் டம்ளர் பறந்திருக்கும்.

எத்தனையோ பேர் புத்தி சொன்னார்கள். சென்னைக்குப் போய்விடு, பெங்களூருக்குப் போய்விடு, அங்கே யாரும் கேட்கமாட்டார்கள் என்றார்கள். நான் எதுக்குப் போகணும்? வட்டக்கோட்டைக்குப் போகும் ரோட்டில் பாதிப் பேருக்கு வண்டி ஓட்டச் சொல்லிக் கொடுத்தவள் நான். இந்த ஊரை யாருக்கும் தனியாகப் பட்டா போட்டுக் கொடுக்கவில்லை.

என் வக்கீல் விமலா அக்கா ஒரு விஷயம் சொன்னார். அதே திருவனந்தபுரம் ஆஸ்பத்திரியில், நம்மைப் போலவே முகம் தெரியாத ஒருவரின் தானத்தில் பிள்ளை பெறுகிற தம்பதிகள் உண்டு. அந்தப் பிள்ளையில் புருஷனின் ரத்தம் ஒரு சொட்டு கிடையாது. ஆனால் சட்டப்படி அவர்தான் அப்பா. அவரிடம் யாரும் ரத்தம் எங்கே என்று கேட்பதில்லை. என்னிடம் மட்டும் ஏன் கேட்கிறார்கள், ஷைனி?

கோர்ட்டில் முன்பு இருந்த நீதிபதியிடம் ராபினின் வக்கீல் என்ன வாதாடினார் தெரியுமா? "அம்மை என்பது இந்தப் பக்கத்தில் வயதில் மூத்த எந்தப் பெண்ணையும் கூப்பிடும் மரியாதைச் சொல். அதை வைத்துத் தாய் உரிமை கேட்க முடியாது." நான் எழுந்துவிட்டேன். விமலா அக்கா என் முந்தானையைப் பிடித்து உட்கார வைத்தார்.

இப்போதைய நீதிபதி மதுரைப் பக்கத்துப் பெண்மணி, மாற்றலாகி வந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது. பிள்ளையிடம் பேச வேண்டும் என்று எங்கள் எல்லோரையும் தன் அறைக்குக் கூப்பிட்டார். சாரல் பெரிய நாற்காலியில் ஏறி உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தாள்.

"பாப்பா, அம்மா இல்லாம கஷ்டமா இருக்கா?"

"அம்மா கல்லறைத் தோட்டத்துல இருக்கா. எனக்கு அம்மை உண்டே!"

நீதிபதியின் பேனா நின்றது. "அம்மையா? எப்பருந்து?"

"பொறந்ததுல இருந்தே உண்டு."

நாற்காலி கொஞ்சம் பின்னால் போனது. "வீட்டுல வேற யாருக்கு இருக்கு?"

"எனக்கு மட்டும்தான். வேற ஆருக்கும் குடுக்க மாட்டேன்."

நீதிபதி கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். "என்னம்மா இது? அம்மையோடவா பிள்ளையக் கோர்ட்டுக்குக் கூட்டிட்டு வந்தீங்க?"

நான் வாயைத் திறப்பதற்குள் உன் மகள் பதில் சொன்னாள். "ஆமா, அம்மையோடதான் வந்தேன். ஸ்கூட்டர்ல."

ராபின் சிரித்துவிட்டான், ஷைனி. மூக்கு வழியாக வருமே உனக்கு, அதே சிரிப்பு. சிரித்துக்கொண்டே, "ஐயோ மேடம், நோயொண்ணும் இல்ல! எங்க ஊருல அம்மைன்னா அம்மா. தாய். வேற ஒண்ணும் இல்ல" என்றான்.

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவனுக்கு உறைத்தது. அவன் வக்கீல் மின்விசிறியைப் பார்த்தார். விமலா அக்கா என் கையை நசுக்கினார்.

நீதிபதி கைக்குட்டையை மெல்லக் கீழே வைத்தார். "அப்ப இந்தப் பிள்ளைக்கு அம்மை யாரு, மிஸ்டர் ராபின்?"

சாரல்தான் என் பக்கம் கையை நீட்டினாள். "இந்தா நிக்கா. கண்ணு தெரியலியா?"

கேஸ் முடியும்வரை பிள்ளை என்னிடமே இருக்கலாம் என்று உத்தரவு வந்திருக்கிறது. இடைக்காலக் காப்பாளர் என்று எனக்குப் பெயர். "எனக்குப் புரியுதும்மா. ஆனா தாய்னு போட இந்தச் சட்டத்துல எனக்கு வழியில்ல" என்றார் நீதிபதி. "இப்பக் காப்பாளர்னே போடுங்க மேடம். மிச்சத்த நான் மேல்கோர்ட்டுல போயி வாங்கிக்கிடுகேன்" என்றேன். விமலா அக்கா என் காலை மிதித்தார். மிதித்தால் மிதிக்கட்டும். காப்பாளர் வேலை அவளுக்குப் பதினெட்டு வயது ஆனால் முடிந்துவிடும். அம்மைக்கு ஏதுட்டி ரிட்டையர்மெண்ட்?

வெளியே வந்து ராபின், "வாய் தவறி வந்துட்டு, கேட்டியா. கேஸ நான் விடமாட்டேன்" என்றான்.

"தவறல அண்ணே. சரியாத்தான் வந்துது" என்றேன். அவன் போகும்போது சாரலின் கன்னத்தைத் தொட்டுவிட்டுப் போனான்.

நாளைக்கு உன் முதல் வருஷம். ராபின் ஜங்ஷனில் ஃபிளெக்ஸ் வைத்துவிட்டான். பக்கத்திலேயே நானும் ஒன்று வைக்கிறேன், அதைவிட ஒரு அடி பெரிசாக. கடைக்காரர், "நீங்க அவியளுக்கு என்ன வேணும்? பேருக்கு மேல போடணுமே" என்று கேட்டார். உனக்கு நான் என்ன வேண்டும் என்பதற்கு இன்னும் எனக்கு ஒரு சொல் கிடைக்கவில்லை. மனைவியா, துணையா, என்ன சொன்னாலும் எனக்குக் காணாது. ஆனால் சாரலுக்கு நான் யார் என்பதை உன் அண்ணனே கோர்ட்டில் சொல்லிவிட்டான். அதையே அடியுங்கள் என்றேன்.

ஏட்டி, நீ நிம்மதியாகப் படுத்திரு. நம் பிள்ளையின் வாயிலிருந்து என்னைப் பார்த்து ஆன்ட்டி என்ற சொல் வராது. காப்பாளர் என்பதை அடித்துவிட்டுத் தாய் என்று எழுதுகிறவரை எந்தக் கோர்ட்டுப் படியையும் விடமாட்டேன். எனக்கு முட்டு தேய்ந்து ஏற முடியாமல் போனால், அவள் என்னைத் தூக்கிக்கொண்டு ஏறுவாள். உன் மகள்தானே, செய்வாள்.

இனி எந்த வரியிலும் நான் "மற்றும்" இல்லை.

சாரலின் அம்மை,
பகவதி