இடது முன்னங்கால்

அன்புள்ள அண்ணாவுக்கு,

அம்மா நலம். என்னைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன். வெள்ளிக்கிழமை உன் கப்பல் கரையைத் தொட்டதும் இதைப் படிப்பாய். போனில் சொல்ல வாய் வரவில்லை. அதனால் கையால் எழுதி, படம் எடுத்து அனுப்புகிறேன்.

பொடியன் தேறிவிட்டான் என்று ஞாயிற்றுக்கிழமை சொன்னது பொய். போனை அவன் காதில் வைத்தேன். உன் குரலைக் கேட்டதும் வாலால் தரையை அடித்தான். அந்தச் சத்தத்துக்கு நீ சிரித்தாய். வால் மட்டும்தான், அண்ணா. அறுவை முடிந்து பன்னிரண்டு நாள். அவன் இன்னும் எழுந்து நிற்கவில்லை.

படியில் சறுக்கி, வலது பின்னந்தொடை எலும்பு முறிந்ததும், நான் வேலை செய்யும் மருத்துவமனையிலேயே தகடு வைத்ததும் உனக்குத் தெரியும். தகடு நன்றாகப் பிடித்திருக்கிறது. போனது இடது முன்னங்கால். கத்தியே படாத கால்.

பாதம் உள்ளே மடிந்துகொள்கிறது. ஊன்றினால் முழங்கை சரிகிறது. வலி தெரிகிறதா என்று, டாக்டர் சொன்னபடி, இடுக்கியால் விரலை நெரித்துப் பார்க்கிறேன், தினமும், இரண்டு வேளை. பொடியன் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்கிறான். காலை இழுப்பதில்லை. சின்ன நாய் என்றால் எப்படியாவது நொண்டித் தேறும். இவன் எண்பத்திரண்டு கிலோ. எதிரெதிர் மூலைக் கால் இரண்டும் இல்லாத கட்டில் மாதிரி கிடக்கிறான்.

வயிற்றுக்கடியில் போர்வையைக் கொடுத்து நானும் அம்மாவும் ஆளுக்கொரு பக்கம் தூக்குகிறோம். "உங்கண்ணனக்கூட நான் இவ்வளவு சுமக்கலடா, எருமை" என்று அம்மா அவனிடம் சொன்னாள். முதல் வாரம் சொன்னது. இப்போது கேலி எல்லாம் இல்லை. அவன் தோளில் படுக்கைப்புண் வந்துவிட்டது. அம்மா அவன் பக்கத்திலேயே தட்டை வைத்துக்கொண்டு, ஒரு கையால் ஈயை விரட்டியபடி சாப்பிடுகிறாள்.

இனி எழுதப் போவதற்காகத்தான் இந்தக் கடிதம்.

அறுவை மேசையில் நாயைக் கிடத்துவது என் வேலை. பெரிய நாயை ஒருக்களித்துப் படுக்க வைத்தால், அடியில் போகும் தோளுக்குக் கீழே தடித்த பஞ்சணை வேண்டும். இல்லையென்றால் அதன் எடையே அதன் நரம்பை நசுக்கிவிடும். எனக்குத் தெரியும். புதிதாக வருபவர்களுக்கு நான்தான் அதைச் சொல்லிக் கொடுக்கிறேன். அன்றும் இடது தோளுக்கடியில் அணையை வைத்தேன். அரை மணி நேரம் கழித்து டாக்டர், "இடுப்ப இன்னும் கொஞ்சம் தூக்கிக் குடும்மா" என்றார். அந்த அளவில் எங்களிடம் இருப்பது ஒரே அணை. தோளுக்கடியிலிருந்து உருவி இடுப்புக்கடியில் மடித்து வைத்தேன். பத்து நிமிடம்தான் என்று நினைத்தேன். பிறகு ரத்த அழுத்தம் இறங்கியது. மருந்து, குழாய், திரையில் எண்கள். அவன் மூச்சை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்று மணி நேரம் அந்தத் தோள் வெறும் இரும்பில் கிடந்தது.

யாருக்கும் தெரியாது. பச்சைத் துணி எல்லாவற்றையும் மூடியிருந்தது.

நேற்று டாக்டர் வீட்டுக்கே வந்தார். அம்மாவிடம், "நான்தான்மா ரொம்ப நேரம் எடுத்துக்கிட்டேன். இவ்வளவு பெரிய உடம்புல சீக்கிரம் முடிச்சிருக்கணும். மன்னிச்சிருங்க" என்றார். அம்மா, "நீங்க என்ன பண்ணுவீங்க, எல்லாம் அவன் நேரம்" என்றாள். நான் கதவோரம் நின்றேன். அவர் என்னைப் பார்த்து, "இவ இல்லைன்னா அவன் மேசையிலயே போயிருப்பான்" என்றார். அவருக்குக் காப்பி போட உள்ளே போனேன்.

இந்தக் கடிதத்தை மடித்ததும் அவரிடம் போய்ச் சொல்லிவிடுவேன். அம்மாவிடமும். முதலில் உனக்குத் தெரிய வேண்டும் என்று பட்டது.

வைத்துக்கொள்வதா, ஊசி போட்டு அனுப்பிவிடுவதா என்று சனிக்கிழமைக்குள் டாக்டருக்குச் சொல்ல வேண்டும். நரம்பு திரும்பினாலும் மாதக்கணக்கில் ஆகும், அதுவரை புண் அவனை விட்டு வைக்காது என்கிறார். நான் ஒவ்வொரு முறையும் இன்னும் ஒரு வாரம் என்கிறேன். அந்த வாரம் அவனுக்கா, எனக்கா? அவன் மூச்சு இருக்கும்வரை நான் செய்தது இன்னும் முடிந்துவிடவில்லை என்று எனக்குள் ஏதோ கணக்குப் போடுகிறது. அதனால் நான் முடிவு சொல்லத் தகுதியில்லாதவள். நீ சொல். என்னை நினைக்காமல் சொல்.

வைத்துக்கொள் என்றால் தூக்குகிறேன், எத்தனை மாதமானாலும். போதும் என்றால், ஊசி போடும்போது நான்தான் காலைப் பிடித்துக்கொள்வேன். வேறு யாரிடமும் விடமாட்டேன். இடது முன்னங்காலில் போடச் சொல்வேன், அண்ணா. அங்கே அவனுக்கு வலிக்காது.

உடம்பைப் பார்த்துக்கொள். என்னைத் திட்டியாவது ஒரு வரி எழுது.

உன் தங்கை