தூங்குமூஞ்சி விறகு

அன்புள்ள மச்சானுக்கு,

உன் அத்தான் எழுதுவது. நானும் உன் அக்காவும் சௌக்கியம். உன் சௌக்கியம் நீ அவளிடம் போனில் பேசும்போது காதில் விழுகிறது. போனை நான் வாங்கினால் நீ வைத்துவிடுவாய். அதனால்தான் கடிதம். கிழிப்பதானாலும் படித்துவிட்டுத்தான் கிழிப்பாய், உன்னை எனக்குத் தெரியும்.

முதலில் கடைச் சமாச்சாரம். போன மாதம் விடாத மழை. சவுக்கு லோடு வரவில்லை, இருந்ததும் தீர்ந்துவிட்டது. ஒருநாள் ரொட்டிக்கடைக்காரர் காலையிலிருந்து மூன்று தடவை ஆள் அனுப்பிவிட்டார். வேறு வழியில்லாமல் பின்பக்கக் கொட்டகைக்குப் போனேன். மூன்று வருஷமாக அந்தப் பக்கம் போகாமலே காலம் தள்ளியிருந்தேன். நீ அடுக்கிய தூங்குமூஞ்சி விறகில் மிச்சம் பாதி அப்படியே இருந்தது. தரையில் படாமல் கீழே இரண்டு கட்டை, மேலே குறுக்கும் நெடுக்குமாக, எலி ஓடுகிற அளவுக்கு இடைவெளி. தகரத்தில் கரியால் ‘தொடாதே’ என்று உன் கையெழுத்து. யாருக்காக எழுதினாய் என்று எனக்குத் தெரியாதா?

இரண்டு துண்டைத் தட்டிப் பார்த்தேன். கணீரென்றது. ஏற்றி அனுப்பினேன். புகையே இல்லையாம். கங்கு மத்தியானம் வரை நின்றதாம். ரொட்டிக்கடைக்காரரே நேரில் வந்து, “என்னய்யா விறகு இது, இவ்வளவு நாள் எங்க ஒளிச்சு வச்சிருந்தீர்?” என்றார். மரத்தின் பெயரைச் சொன்னேன். “என் ரொட்டியெல்லாம் புகை நாற வச்ச அதே மரமா?” என்று வாயைப் பிளந்தார்.

அதே மரம்தான். அன்று மறைத்ததையும் அவரிடம் சொல்லிவிட்டேன். “ஒரு வெயில், ஒரு மழை, மறுபடி ஒரு வெயில் போகட்டும் அத்தான்” என்று நீ தலைபாடாய் அடித்துக்கொண்டாய். அடுக்கிய நாற்பதாம் நாளே, நீ வெளியே போன நேரம் பார்த்து அடுக்கைப் பிரித்து, பாதியை ஈரத்தோடு ரொட்டிக்கடைக்கு அனுப்பியவன் நான். அவர் வந்து சத்தம் போட்டபோது உன் பக்கம் கையைக் காட்டியவனும் நான். மரம் தெரியாதவனுக்கு விறகுக் கடையில் என்ன வேலை என்று நாலு பேர் முன்னால் கேட்டேன். நீ சட்டையை மாட்டிக்கொண்டு போனவன்தான்.

அந்த மரத்தை அறுத்த நாட்கள் அடிக்கடி நினைவுக்கு வருகின்றன. ரம்பத்தின் ஒரு முனையில் நீ, மறுமுனையில் நான். மரத்தின் நார் முறுக்கிக்கொண்டு கோடாலியைத் திருப்பித் தள்ளியது. “இது மரமில்ல அத்தான், கயித்துக்கு மேல தோல் போத்தியிருக்கு” என்றாய். உதிர்ந்த காய்களின் பிசின் செருப்பில் ஒட்டி, இரண்டு பேரும் வாத்து மாதிரி நடந்தோம். டீ கொண்டுவந்த உன் அக்கா, “ரெண்டு பேரும் மரத்தை அறுக்கிறீங்களா, அதுகூட சமாதானம் பேசுறீங்களா?” என்று கேட்டுவிட்டு, தூக்குவாளியைக் கீழே வைத்துச் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து அதற்குப் பிறகு நான் பார்க்கவில்லை.

இப்போது பெரிய சாலையை அகலப்படுத்துகிறார்கள். இரண்டு பக்கமும் முப்பது தூங்குமூஞ்சி மரம் விழப்போகிறது. மற்ற கடைக்காரர்கள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நான் கேட்டு வைத்திருக்கிறேன். வாங்கலாம், அறுக்கலாம், ஆனால் உன்னைப்போல் அடுக்க என்னால் முடியாது. பொறுமையாய் இருக்கவும் வராது. அதனால் நீ வரவேண்டும்.

இதுவரை எழுதியதை உன் அக்காவிடம் படித்துக் காட்டினேன். “வியாபாரத்துக்கு ஆள் கூப்பிடுறீங்களா, என் தம்பியைக் கூப்பிடுறீங்களா? ஒழுங்கா எழுதுங்க” என்றாள்.

ஒழுங்காக எழுதுகிறேன். தப்பு என்னுடையது. ரொட்டிக்கடைக்காரர் முன்னால் சொல்லிவிட்டேன், உன் முன்னாலும் சொல்ல வேண்டும். மரம் கிடைத்தாலும் வா, கிடைக்காவிட்டாலும் வா.

இன்னொன்று. நீ அடித்து, வெளியே வராமல் சிக்கிக்கொண்ட இரும்பு ஆப்பு அந்த மரத்தின் வேர்க்கட்டையில் இன்னும் இருக்கிறது. கடை வாசலில் அந்தக் கட்டையைத்தான் போட்டு உட்கார்ந்திருக்கிறேன். எடுத்துத் தருகிறேன் என்று எத்தனையோ பேர் கேட்டார்கள். யாரையும் தொட விடவில்லை. அடித்தவன் வந்து எடுக்கட்டும் என்று சொல்லிவிட்டேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் வரவைப் பார்த்திருக்கும்
அத்தான்