இரண்டு கைகளும் உள்ள தட்டச்சரின் முறையீடு

அனுப்புநர்:
திருமதி சுந்தரவல்லி பூவராகவன்,
முதுநிலைத் தட்டச்சர்,
ஆர்.கே.புரம், செக்டர் 3,
புது தில்லி.

பெறுநர்:
உயர்திரு சிவஞானம் அவர்கள்,
துணைச் செயலாளர்,
ஊழியர் மருத்துவ உதவிப் பிரிவு,
புது தில்லி.

பொருள்: எனக்கு இடது கை இல்லை என்ற தவறான பதிவை நீக்குதல், செயற்கை மார்பகம் வழங்குதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். பத்தொன்பது வருடமாக ஆங்கிலத் தட்டச்சராக இருப்பவள் நான். இந்த மனுவையும் ஆங்கிலத்தில் அடித்தே கொடுத்திருக்கலாம். அப்படிக் கொடுத்தால் தங்கள் மேசைக்கு வருவதற்குள் ஆறு பேர் படிப்பார்கள். அதில் நான்கு பேர் எங்கள் குடியிருப்பிலேயே இருப்பவர்கள். காலையில் பால் வாங்கும் வரிசையில் எனக்கு முன்னும் பின்னும் நிற்பவர்கள். பொங்கல் விழாவில் தாங்கள் தமிழில் பேசக் கேட்ட தைரியத்தில் கையால் எழுதி, உறைக்கு அரக்கு வைத்து அனுப்புகிறேன். முறை தவறியதைப் பொறுத்தருள வேண்டும்.

1. சென்ற ஆண்டு அக்டோபரில் புற்றுநோய்க்காக என் இடது மார்பகத்தை அகற்றினார்கள். இந்தச் சொல்லை எழுதக் கூசிப் பயனில்லை. இதை எழுதக் கூசியதால்தான் இவ்வளவும் நடந்தது.

2. அறுவை சிகிச்சை முடிந்த எட்டாம் நாள், விலாவில் ரப்பர் குழாயோடு படுத்திருந்தபோது, என் கணவர் திரு. பூவராகவன் செயற்கை உறுப்பு கோரும் படிவத்தைக் கொண்டுவந்தார். அவரும் நான் வேலை பார்க்கும் அமைச்சகத்திலேயே பிரிவு அலுவலர். படிவத்தில் கை, கால், கண் என்று மட்டுமே அச்சாகியிருந்தது. கீழே வெற்றிடம் இருந்தது. எழுதியிருக்கலாம். ஆனால் அந்தப் படிவம் முதலில் போவது ராமமூர்த்தி அவர்களின் மேசைக்கு. அவர் எங்கள் கீழ்வீட்டுக்காரர். என் கணவர் வெகுநேரம் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிறகு "இடது கை" என்று எழுதினார். டாக்டரின் சான்றிதழ் கூடவே இருக்கிறது, மேசைகளைத் தாண்டிவிட்டால் செயற்கை உறுப்பு மையத்தில் அதைப் பார்த்துச் சரியானதைக் கொடுத்துவிடுவார்கள் என்பது அவர் எண்ணம். முப்பது வருடம் பைல் பார்த்தவருக்கு அப்படித் தோன்றியது. அவர் காட்டிய இடத்தில் நான் கையெழுத்துப் போட்டேன்.

3. சான்றிதழை யாரும் பார்க்கவில்லை. பிப்ரவரியில் ஒரு நீண்ட பெட்டி வந்தது. அளவு கொடுக்க நான் நேரில் போகாததால், நடுத்தர அளவில் ஓர் இடது கையை அனுப்பியிருந்தார்கள். தோல்வாருடன், ஐந்து விரல்களுடன் இருக்கிறது. யாருக்கோ நிஜமாகவே தேவைப்பட்டிருக்கும் கை. பீரோவின் மேல் வைத்திருக்கிறோம்.

4. ஐயா, என் சொந்தக் கையைப் பற்றியும் நான் சொல்லியாக வேண்டும். அறுவைக்குப் பிறகு அது வீங்கிக் கிடந்தது. தலை பின்ன முடியாது, ரவிக்கைக்குள் கையை நுழைக்க முடியாது. செல்வி என்ற நர்ஸ் சொல்லிக்கொடுத்தபடி, சமையலறைச் சுவரில் விரல்களை நடக்கவிட்டு ஒவ்வொரு நாளும் எட்டிய உயரத்தில் பென்சிலால் கோடு போட்டேன். பல்லைக் கடித்துக்கொண்டுதான் செய்தேன். அழுதும் இருக்கிறேன். ஏழு மாதத்தில் கோடு அலமாரியின் மேல்தட்டைத் தொட்டது. மே 9 அன்று வேலைக்குத் திரும்பியபோது, பஸ்ஸில் மேல் கம்பியை இடது கையால் பிடித்துக்கொண்டு நின்றே போனேன். உட்கார இடம் கொடுத்த பெண்ணிடம் வேண்டாம் என்றேன். அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

5. அன்று காலை பத்தரை மணிக்கு எனக்கு ஓர் ஆணை தரப்பட்டது. இடது கையை இழந்தவர் தட்டச்சுப் பணிக்குத் தகுதியற்றவர். ஆகஸ்டு 31 முதல் உடல் தகுதியின்மையால் ஓய்வு என்று அதில் கண்டிருந்தது. அந்த ஆணையை நான் இரண்டு கைகளாலும் வாங்கினேன். எங்கள் பிரிவு அதிகாரி நல்லவர். "பெஹன்ஜி, கையை நான் பார்க்கிறேன். பைலும் அதைப் பார்க்க வேண்டுமே" என்றார்.

6. திருத்த வழி கேட்டேன். முதலில் கொடுத்த தகவல் பொய் என்று படிவத்தை நிரப்பியவர் எழுதித் தர வேண்டுமாம். எழுதித் தந்தால் என் கணவர்மீது ஒழுங்கு நடவடிக்கை வரும். அவர் ஓய்வு பெற இன்னும் பதினான்கு மாதம் இருக்கிறது. "நீ சொன்னா நாளைக்கே எழுதிக் குடுத்துடறேன்" என்று அவர் தினமும் சொல்கிறார். சொல்லும்போது என் முகத்தைப் பார்ப்பதில்லை. எழுதுங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

7. செயற்கை மார்பகம் கேட்டது எதற்காக என்பதையும் தெரிவிக்கிறேன். அலங்காரத்துக்கு என்று யாரும் நினைக்க வேண்டாம். நினைத்தாலும் நினைக்கட்டும், நாற்பத்து மூன்று வயதில் எனக்கும் கண்ணாடி பார்க்க ஆசை உண்டு. ஒரு பக்கம் கனமில்லாததால் தோள் மேலே ஏறி, கழுத்தும் முதுகும் வலிக்கின்றன. பஞ்சுக்கு எடை போதவில்லை. துணிப்பை தைத்துக் கடுகு நிரப்பி வைத்துக்கொள்கிறேன். ஜூன் மாதம் பஸ் பிரேக் போட்டபோது தையல் பிரிந்து, புடவைக்குள்ளிருந்து கடுகு கொட்டியது. பக்கத்திலிருந்த அம்மாள் ரேஷன் பை கிழிந்துவிட்டது என்று நினைத்துக் குனிந்து பொறுக்கிக் கொடுத்தார். நன்றி சொல்லி வாங்கிக்கொண்டேன். அதற்குப் பிறகு அந்த பஸ்ஸில் நான் ஏறுவதில்லை. சரோஜினி நகர் தையல்காரரிடம் அளவு கொடுப்பதில்லை. கோயிலில் கூட்டம் இருந்தால் வெளியே நின்று கும்பிட்டுவிட்டு வந்துவிடுகிறேன்.

8. தங்களை வேண்டுவது இதுதான். ஒரு பெண் டாக்டர், கதவு சாத்திய அறையில், என்னைப் பார்க்கட்டும். எதைக் காட்டச் சொன்னாலும் காட்டுகிறேன். என் கணவரின் பெயர் எந்தக் குறிப்பிலும் வர வேண்டாம். படிவத்தில் இருக்கும் கையெழுத்து என்னுடையது; படிக்காமல் போட்ட குற்றமும் என்னுடையது என்றே எழுதிக்கொள்ளலாம். நிரப்பிய எழுத்து யாருடையது என்று மட்டும் கேட்காதிருக்க வேண்டுகிறேன்.

9. இரண்டு கோரிக்கைகளையும் ஒன்றாக எடுத்தால் பழைய படிவத்தைத் தோண்ட வேண்டிவரும் என்று தங்களுக்குத் தோன்றினால், மார்பகம் கேட்டதை இதன்மூலம் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். இனி கேட்க மாட்டேன். கடுகு வீட்டில் இருக்கிறது. என் கை இருக்கிறது என்று மட்டும் எழுதித் தாருங்கள்.

ஆகஸ்டு 31-க்கு இன்னும் இருபது நாட்களே உள்ளன என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

இடம்: புது தில்லி
நாள்: 11-8-1983

தங்கள் ஆணைக்குக் காத்திருக்கும்,
பூ. சுந்தரவல்லி