பனி கதகதப்பாக இருந்த நாடு

என் பிரியமுள்ள அண்ணனுக்கு,

பங்குனி முடிந்துவிட்டது. நீ எழுந்திருக்கவில்லை. அதைப் பற்றித்தான் உன்னிடம் பேச வேண்டும்.

சின்ன வயதில் நாம் இருவரும் கற்பனையில் கட்டிய பனிப்பாளையத்தின் சரித்திரம் உனக்கு மறந்திருக்காது. அம்மா ஸ்பின்னிங் மில்லில் ஷிப்ட் முடிந்து, தலையிலும் புருவத்திலும் பஞ்சோடு வீட்டுக்குள் நுழைவாள். "ஏட்டி, வடக்கேருந்து மகாராணி வந்தாச்சு" என்பாய். அவள்தான் நம் முதல் அரசி. தெருவில் திரிந்த வெள்ளை நாய்கள் அவளுடைய படை. பனியில் நின்றால் எதிரியின் கண்ணுக்கே தெரியாது. அவளுக்குப் பின் வந்த அரசர்கள் எல்லோரும் கார்த்திகையில் பனியைப் போர்த்திக்கொண்டு படுப்பார்கள், பங்குனியில் எழுந்து கோட்டைக் கதவைத் திறப்பார்கள். இராஜபாளையத்து வெயிலில் வளர்ந்த நமக்கு வெள்ளையாகக் குவிந்து கிடப்பது பஞ்சு ஒன்றுதானே? பனியும் அப்படித்தான் கதகதப்பாக இருக்கும் என்று முடிவு கட்டிவிட்டோம்.

பட்டாளத்தில் சேர்ந்து வடக்கே போய், முதல் லீவில் வந்தபோது நீ விழுந்து விழுந்து சிரித்தாய். "ஏட்டி, நம்ம சரித்திரம் அம்புட்டும் தப்பு. பனி சுடுது. தீயில கைய வச்ச மாதிரி இருக்கு." ஆனால் உன் மகள் யாழினிக்குக் கதை கேட்கும் வயது வந்ததும் பழைய சரித்திரத்தையே சொன்னாய். டிவியில் வருவது வேறு பனி, நம் பனி வேறு என்றாய். நான் திருத்தப் போனேன். "விடு. அவ நாட்டுல பனி கதகதப்பாவே இருக்கட்டும்" என்று என்னைத் தடுத்தாய். அவளுக்காகவா அண்ணே, உனக்காகவா?

பனிச்சரிவில் நீ போய்விட்டாய் என்றார்கள். கொடி போர்த்திய பெட்டி வந்தது. திறக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். யாழினி அழவில்லை. துக்கத்துக்கு வந்தவர்களிடம் போய்ப் போய்ச் சொன்னாள்: "அதுக்குள்ள அப்பா இல்ல. அப்பா பனிக்குள்ள தூங்குதாரு." உன் படத்துக்கு மதினி போடும் மாலையைக் காலையில் எழுந்ததும் கழற்றிவிடுவாள். யாருக்கும் அவளைத் திட்ட மனம் வரவில்லை.

பங்குனி முழுக்க வாசல் கதவைச் சாத்த விடவில்லை. சித்திரை பிறந்த அன்று கேட்டாள்: "அத்தை, அப்பா எந்திரிக்க மறந்துட்டாரா?"

மதினி அடுப்படியிலிருந்து என்னைப் பார்த்தார். "நீங்க ரெண்டு பேரும் கட்டுன ராஜ்ஜியம். அவிய போயிட்டாவ. நீதான் சொல்லணும்."

வீட்டில் வைத்துச் சொல்ல மனம் வராமல், நேற்று அவளை பஸ்ஸில் ஸ்ரீவில்லிபுத்தூருக்குக் கூட்டிப் போனேன். பஸ் ஸ்டாண்டு பக்கத்து ஜூஸ் கடையில் ஒரு துண்டு ஐஸ் மட்டும் கேட்டேன். "ஜூஸு வேண்டாம், ஐஸு மட்டுமா? ஏவாரம் வெளங்கிரும் தாயி" என்று சிரித்துக்கொண்டே கடைக்காரர் உடைத்துக் கொடுத்தார். அவள் உள்ளங்கையில் வைத்தேன்.

"ஐஸ்தான அத்தை இது?"

"பனியும் இதுதான் கண்ணு. பனிப்பாளையத்துப் பனியும் இதுதான். நாங்க பாக்காமலே தப்பாச் சொல்லிட்டோம்."

அவள் அதைக் கீழே போடவில்லை. இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். விரல்கள் சிவந்து, தண்ணீர் முழங்கை வரை வழிந்தது. விடச் சொன்னேன், விடவில்லை. "சுடுது அத்தை" என்றாள். நீ சொன்ன அதே சொல்.

ஐஸ் பாதி கரைந்ததும் கேட்டாள்: "இதுக்குள்ள தூங்க முடியாதுல்ல?"

"முடியாது."

"அப்பாவுக்கு இம்புட்டு வலிச்சிருக்குமா?"

இதற்குப் பதில் உன்னிடம் இருக்கிறதா? திரும்பி வரும் பஸ்ஸில் என் மடியில் முகத்தைப் புதைத்து அழுதாள். நீ போன பிறகு அவள் அழுதது அதுதான் முதல் தடவை. சில்லிட்டுப் போன அந்தக் கையை என் இரண்டு கைக்குள்ளும் வைத்திருந்தேன். ஊர் வரும்வரை அது சூடாகவே இல்லை.

இன்று காலை உன் படத்தில் மாலை அப்படியே இருந்தது. எப்போது அது நிலைக்கும் என்று காத்திருந்தவள் நான். நிலைத்ததும் அந்தப் பக்கம் பார்க்க முடியவில்லை. கதகதப்பாகவே இருக்கட்டும் என்று நீ சொன்னதைக் கலைத்துவிட்டேன். நீ இருந்திருந்தால் என்ன செய்திருப்பாய்?

சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டு வந்தவள், பையைக்கூட இறக்காமல் கேட்டாள்: "அப்போ இனிமே பங்குனியில கோட்டைக் கதவ யாரு திறப்பா?"

அந்த நாடு இன்னும் அவளுக்கு வேண்டியிருக்கிறது, அண்ணே. சுடுகிற பனியோடேயே. வரும் பங்குனியில் அவளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வாசல் கதவை நான் திறப்பேன். நீ வரமாட்டாய் என்று தெரிந்தேதான் இரண்டு பேரும் திறப்போம். அவள் போதும் என்று சொல்லும்வரை ஒவ்வொரு பங்குனியிலும் திறப்போம்.

மகாராணியின் வயிற்றில் உனக்குப் பின் பிறந்தவள்,
உன் தங்கச்சி